அமெரிக்கக் கதைகளும் அறுநூற்று நாற்பது அடியும்

எருமப்பட்டிக்குத் தெற்கே ஒரு வெங்காயக் காட்டில், அறுநூற்று நாற்பதாவது அடியில், என் போர்வெல் ரிக் வண்டியை நானே நிறுத்தச் சொன்னேன். நாற்பத்தைந்து வருஷத் தொழிலில் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சுற்றி நின்றவர்கள் என்னைக் கோயில் தர்மகர்த்தாவைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். எனக்கும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. அடுத்த வாரமே அந்தப் பெருமை தொண்டையில் முள்ளாக மாட்டிக்கொண்டது. இன்னும் இறங்கவில்லை. போர்வெல் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஆறாவதில் பாதியோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். குழியில் இறக்குகிற இரும்பு ராடைத் தூக்குகிற கூலியாக வண்டி ஏறினேன். துளை போடுகிற டிரில்லர் ஆனேன். பழைய வண்டி ஒன்றை வாங்கி ஓட்டினேன். இன்றைக்கு ஒன்பது வண்டி ஓடுகிறது. திருச்செங்கோட்டில் இறங்கி என் பெயரைச் சொன்னால் டீக்கடைக்காரரே வீடு வரைக்கும் கொண்டுவந்து விடுவார். ராஜஸ்தானில் போர் போட்டிருக்கிறேன், ஆப்பிரிக்காவில் போட்டிருக்கிறேன். படித்த இஞ்சினியர்கள் கருவியை வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்த இடத்தில், வெளியே பறக்கிற தூளை உள்ளங்கையில் வாங்கித் தேய்த்துப் பார்த்தே கீழே என்ன கல் என்று சொன்னவன் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

1. ரிக்காரன் வாயைத் திறக்கக் கூடாது

போர் போடும்போது "போதும், நிறுத்து" என்று சொல்ல வேண்டியவர் நிலத்தின் சொந்தக்காரரான காட்டுக்காரர். ரிக்காரன் சொல்லக் கூடாது. எந்தக் காகிதத்திலும் எழுதாத சட்டம் இது. ஆனால் மீறுகிறவன் கிடையாது. என் முதல் முதலாளி முதல் நாளே காதைத் திருகிச் சொன்னார்.

"டேய், நீ நிறுத்தச் சொல்லி, நாளைக்கு இன்னொருத்தன் வண்டி இன்னும் பத்தடியில தண்ணி எடுத்துச்சுன்னா காட்டுக்காரன் உன்ற சட்டையைப் புடிப்பான். ஓட்டச் சொல்லித் தண்ணி வரலீன்னாலும் உன்ற சட்டையைத்தான் புடிப்பான். வாயை மூடிக்கிட்டு ராடை எறக்கு."

நியாயமான பேச்சுதான். பூமிக்குள் இருப்பதை யார் கண்டது? ஆனால் முதலாளி சொல்லாமல் விட்ட பாதி ஒன்று உண்டு. நமக்குக் கூலி அடிக் கணக்கில். வாயை மூடிக்கொண்டு நிற்கிற ஒவ்வொரு அடிக்கும் கூலி உண்டு. ஆழம் போகப் போக ரேட்டும் ஏறும்.

ஆட்டையாம்பட்டிப் பக்கம் ஒரு காட்டில் நான் டிரில்லராக இருந்தபோது, நானூறு அடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரே கருங்கல். ராடு முனையில் கல்லை உடைக்கிற சுத்தியலின் சத்தம் மாறவே இல்லை. கல்லில் வெடிப்பு இருந்தால் சத்தம் மாறும், ராடு ஒரு குதி குதிக்கும். அது எதுவும் இல்லை. காட்டுக்காரர் ஒவ்வொரு ராடு இறங்கும்போதும் என் முகத்தையே பார்த்தார். நான் டீ கிளாஸைப் பார்த்தேன். ஆயிரம் அடி போனோம். புழுதிதான் வந்தது. ராடை எல்லாம் தூக்கி வண்டியில் அடுக்கிக்கொண்டு கிளம்பும்போது அவர் எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். நான் குடித்தேன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

2. ஞாயிற்றுக்கிழமைப் பாடம்

என் மருமகள் சுமதி ஒரு கலைக்கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியை. எனக்கு இங்கிலீஷில் கேசிங், பிட், கம்ப்ரஸர், டீசல், இவ்வளவுதான் தெரியும். அவளுக்குப் போன வருஷம் அமெரிக்க நாவல்கள் என்று ஒரு பேப்பர் கொடுத்தார்கள். பழைய காலத்து நாவல்கள். பிள்ளைகள் பாதிப்பேர் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவர்கள். அதனால் கதையை முதலில் தமிழில் சொல்லிவிட்டுத்தான் பாடத்துக்குப் போவாள். ஞாயிற்றுக்கிழமை ஹாலில் நடந்துகொண்டே சொல்லிப் பார்ப்பாள். தினசரியை விரித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். காது என்னமோ அங்கேதான்.

பேர் ஒன்றும் எனக்கு நிற்கவில்லை. கதைகள் நின்றன. ஒன்றுமில்லாமல் பிறந்தவன் எப்படியோ சம்பாதித்துப் பங்களா கட்டுகிறான், கார் வாங்குகிறான், விருந்து போடுகிறான். பணம் வந்த வழியை மட்டும் பேசமாட்டான். இன்னொரு கதையில் மழை பொய்த்து, மண் புழுதியாகப் பறந்து, நிலம் கைவிட்டுப் போன சனங்கள் சட்டிமுட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள்.

"ஏம்மிணி, அமெரிக்காவுலயும் இப்புடியா? நான் அங்க எல்லாம் மழை கொட்டும்னு நெனச்சேன்."

"அங்கயும் பஞ்சம் வந்துச்சுங்க மாமா. அங்கயும் கடன்ல காடு போயிருக்குது."

"அங்க ரிக் வண்டி இல்லையாட்ட இருக்குது."

"இருந்திருந்தா நீங்க இன்னேரம் அங்க மொதலாளி" என்று சிரித்தாள்.

நான் சும்மா இருப்பவன் அல்ல. அவள் நோட்டில் இருப்பதை எல்லாம் மறுத்துப் பேசுவேன். "உன்ற கதைக்காரனுக்குப் பணக்காரனைத் தெரியாது அம்மிணி. தப்பாச் சம்பாரிச்சவன் கடைசியில அழிஞ்சு போறான்னு எழுதறான். நம்மூர்ல வந்து பாக்கச் சொல்லு. தொப்பையைத் தடவிக்கிட்டு சௌக்கியமாத்தான் இருக்கறான். ஏழையையும் தெரியாது. ஏழை பெருசு பெருசாக் கனவு காங்கறான்னு எழுதறான். ஏழை எங்க கனவு காங்கறான்? பக்கத்துக் காட்டு மோட்டார்ல எத்தனை இஞ்சு தண்ணி விழுகுதுன்னு பாக்கறான்."

அதை அவள் நோட்டில் குறித்துக்கொண்டாள். எனக்குக் கர்வம் தாங்கவில்லை. ஆறாவது பாதி படித்தவன் சொன்னதைக் கல்லூரியில் சொல்லப் போகிறார்கள்.

அப்போதுதான் அவள் ஒன்று சொன்னாள். "இந்தக் கதைகள்ல எனக்குப் பயமா இருக்கறது பெரிய அக்கிரமம் இல்லீங்க மாமா. ஒரு வார்த்தை சொன்னாப் போதும்ங்கற எடத்துல நல்லவங்களே சொல்லாம இருந்துக்குறாங்க. சொன்னா நஷ்டம். அதனால பாக்காத மாதிரி நிக்கறாங்க. அங்கதான் மனுசன் விலை போறான்."

"நானெல்லாம் ஒரு அடி கூட்டிச் சொன்னதில்ல. ராடை எண்ணிக்கன்னு காட்டுக்காரனையே நிக்க வெச்சுத்தான் ஓட்டுவேன்."

"அதைக் கேக்கலீங்க. தண்ணி வராதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுவீங்களா?"

"அதைக் காட்டுக்காரன் சொல்லோணும்."

"ம்" என்றாள்.

அந்த "ம்" இருக்கிறதே, அது ஒரு வாரம் என்னை உட்கார விடவில்லை. வண்டி ஷெட்டுக்குப் போனால் அங்கேயும் கேட்டது. பேராசிரியைக்கு என்ன தெரியும் ரிக் தொழில் என்று எனக்குள்ளேயே சண்டை போட்டேன். சண்டையில் நான் ஜெயிக்கவில்லை.

3. இரண்டு எருமை எத்தனை அடி போகும்

அந்த வாரக் கடைசியில்தான் எங்கள் ஏஜென்ட் செல்வம் எருமப்பட்டி ஆர்டரைக் கொண்டுவந்தான். ஏஜென்ட் என்றால் காட்டுக்காரரையும் ரிக்காரனையும் சேர்த்துவிட்டுக் கமிஷன் வாங்குகிறவன். காட்டுக்காரர் ராமாயி என்ற அம்மாள். புருஷன் இல்லை. இரண்டு ஏக்கர். சின்ன வெங்காயம் போடுகிற மண். கிணறு வற்றி, இருந்த போரும் காய்ந்து, மூன்று வருஷமாகக் காடு சும்மா கிடந்தது. இந்தப் போரில் தண்ணீர் வந்தால் வெங்காயம். வராவிட்டால் காட்டைப் போட்டுவிட்டுக் கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போக வேண்டியதுதான். இரண்டு கறவை எருமைகளை விற்றுத்தான் பணம் வைத்திருந்தார்.

பொதுவாக நான் இப்போதெல்லாம் காட்டுக்குப் போவதில்லை. அன்றைக்குப் போனேன். ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது.

தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்துக் குறித்த இடத்தில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் கொளுத்தி, காலை எட்டு மணிக்கு வண்டியைப் போட்டார்கள். ராமாயி செல்வத்திடம் கேட்டார்:

"ஏஞ்சாமி, ரெண்டு எருமை எத்தனை அடிங்க போகும்?"

செல்வம் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, "எழுநூறு போகுமுங்க" என்றான்.

"சரி. எழுநூறு வரைக்கும் ஓட்டுங்க. அதுக்கு மேல எங்கிட்ட எருமை இல்ல."

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

முந்நூறு வரைக்கும் அவர் ஒவ்வொரு ராடையும் ஒரு கூழாங்கல் வைத்து எண்ணினார். ராடு ஒன்று இருபது அடி. பிறகு எண்ணுவதை விட்டுவிட்டு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். ஐந்நூறில் தூள் சாம்பல் மாதிரி. அறுநூறில் அதே சாம்பல். காற்றடிக்கிற கம்ப்ரஸர் சத்தத்தில் பேசினால் காதில் விழாது. ஆனால் அவர் பார்வை என் மேல் விழுந்தது.

அறுநூற்று நாற்பதில் நான் தூளைக் கையில் வாங்கினேன். தேய்த்தேன். ஈரம் என்ற பேச்சே இல்லை. இந்தக் கல் அடி வரைக்கும் இப்படித்தான் போகும் என்று என் அனுபவம் சொன்னது. அந்த "ம்" வேறு காதுக்குள் நின்றது. நான் கையைத் தூக்கினேன்.

"நிறுத்து!"

டிரில்லர் புரியாமல் பார்த்தான். "அண்ணா, காட்டுக்காரம்மா இன்னும் சொல்லலீங்க."

"நான் சொல்றேன். நிறுத்து. இதுக்கு மேல ஓட்டி இந்தம்மா காசை வாங்க எனக்கு மனசில்ல."

வண்டி நின்றது. வேடிக்கை பார்க்க வந்தவர்களில் ஒருவர், "தங்கமான மனுசனுங்க. எந்த ரிக்காரன் இப்புடிச் சொல்லுவான்?" என்றார். செல்வத்தின் முகம் மட்டும் வாடிப்போனது. அறுபது அடிக் கமிஷன் போயிற்றே. ராமாயி எழுந்து நின்றார். அறுநூற்று நாற்பதுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு, மீதிப் பணம் அவரிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன். நாமக்கல் தாண்டும் வரைக்கும் விசில் அடித்துக்கொண்டே வந்தேன்.

4. வீட்டில் யாரும் கைதட்டவில்லை

வந்ததும் வராததுமாகச் சுமதியைக் கூப்பிட்டுச் சொன்னேன். உன் கதைக்காரர்களுக்கு எழுதிப் போடு, வாயைத் திறக்கிற பணக்காரனும் உலகத்தில் உண்டு என்று. அவள் முழுக்கக் கேட்டாள்.

"அந்தம்மா என்ன சொன்னாங்க மாமா?"

"எந்தம்மா?"

"காட்டுக்காரம்மா."

"அவங்க என்ன சொல்றது? நின்னுட்டிருந்தாங்க."

"கேக்கலீங்களா?"

"எதைக் கேக்கறது? காசை மிச்சம் பண்ணிக் குடுத்திருக்கறேன்!"

அவள் சத்தம் போடுகிறவள் அல்ல. நோட்டை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள். "இந்த நாவல்கள்ல பணக்காரங்க கெட்டது மட்டும் பண்றதில்லீங்க மாமா, நல்லதும் பண்றாங்க. ஆனா அதையும் அவங்களே முடிவு பண்றாங்க. பணக்காரன் மனசு பக்கம் பக்கமா இருக்கும். ஏழை என்ன நெனச்சான்ங்கறது பல கதையில நாலு வரிகூட இருக்காது. எழுதறவங்களே அவங்களைக் கேக்க மறந்துடறாங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வாயை மூடுனாலும் தப்பு, திறந்தாலும் தப்பா? அப்ப நான் என்னதான் பண்றது?"

"தெரியலீங்க மாமா. பாடத்துல அதுக்கு விடை இல்ல."

சாப்பிட்டேன், ருசிக்கவில்லை. ஷெட்டுக்குப் போனேன், டயர் மாற்றிக்கொண்டிருந்தவனை ஒரு காரணமும் இல்லாமல் திட்டினேன். இப்படியே நான்கு நாள். ஐந்தாம் நாள் செல்வம் போன் பண்ணினான்.

"அண்ணா, எருமப்பட்டி பாயிண்ட்டு... அந்தம்மா வேற வண்டி போட்டு அதே குழியில ராடை எறக்கிட்டாங்க."

"ம்."

"அறுநூத்தி எண்பதுல தண்ணி. நல்ல தண்ணிங்கறாங்க. ரெண்டே ராடுண்ணா."

போனை வைத்தேன். எழுநூறு வரைக்கும் ராமாயியிடம் எருமை இருந்தது. தண்ணீர் அதற்குள்ளேதான் இருந்தது. நான்தான் நடுவில் போய் நின்றேன்.

5. ராமாயி கேட்டது

மறுநாள் காலையில் தனியாகப் போனேன். காட்டில் ஏர் ஓட்டிப் பாத்தி பிடித்துக்கொண்டிருந்தார்கள். மோட்டார் ஓடியது. ராமாயி மண்வெட்டியை ஊன்றிவிட்டு வந்தார்.

"வாங்கண்ணா. தண்ணி குடிக்கறீங்களா? நம்ம போர்த் தண்ணிதான்."

சொம்பை நீட்டினார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? குடித்தேன். உப்பு இல்லாத தண்ணீர்.

"அம்மிணி, உங்க நல்லதுக்குத்தான் நான் நிறுத்தச் சொன்னேன்."

"தெரியுமுங்க. ஊரே சொல்லுச்சு, தங்கமான மனுசன்னு."

"ரெண்டாவது வண்டிக்கு எத்தனை ஆச்சோ நான் குடுத்தர்றேன்."

வேறு வண்டி வந்து பழைய குழியில் இறங்கினால் சும்மா இறங்காது. அறுநூற்று நாற்பது அடிக்கும் ராடை மறுபடி இறக்க ஒரு கூலி, வண்டி வந்து போக ஒரு கூலி. மிச்சம் இருந்த பணம் அதற்குப் பற்றாது என்று எனக்குத் தெரியாதா?

"கன்னு ஒண்ணு நின்னுச்சு. அதையும் சந்தைக்கு ஓட்டிட்டேன்" என்றார். "உங்க காசு வேண்டாங்க. எனக்கு ஒண்ணு மட்டும் கேக்கோணும். அன்னைக்குத் தூளைக் கையில வாங்கிப் பாத்தீங்க. உங்க மூஞ்சி ஒரு மாதிரியாப் போச்சு. என்ன பாத்தீங்க அதுல?"

இத்தனை வருஷத்தில் எந்தக் காட்டுக்காரரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. அல்லது, கேட்கும்படி நான் நின்றதில்லை. கல்லைப் பற்றிச் சொன்னேன், சுத்தியல் சத்தத்தைப் பற்றிச் சொன்னேன், வெடிப்பு எப்படித் தெரியும் என்று சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்னங்கண்ணா? தண்ணி சந்தேகம், காசு இன்னும் மூணு ராடுக்கு இருக்குது, என்ன பண்ணலாம்னு ஒரு வார்த்தை. நான் ஓட்டுங்கன்னிருப்பேன். வரலீன்னா என் தலையெழுத்துன்னு போயிருப்பேன். எருமை என்னுது. காடு என்னுது. முடிவு மட்டும் உங்களுதா?"

"தப்புதான் அம்மிணி."

"நீங்க பேசாம இருந்திருந்தாக்கூட எனக்குத் தண்ணி வந்திருக்கும்" என்றார். திட்டுவது போல இல்லை. நடந்ததைச் சொல்வது போலச் சொன்னார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, "மடை ஒடைஞ்சுரும்ங்க, போறேன்" என்று போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து சுமதியிடம் சொன்னேன். "உன்ற கதைகள்ல ராமாயி மாதிரி ஒருத்தியாவது கேக்கறாளா?"

சுமதி நோட்டைப் புரட்டினாள். "கேக்கறவங்க இருக்கறாங்க மாமா. அதுக்குள்ள பணக்காரன் காரை எடுத்துட்டுப் போயிருப்பான்."

6. இப்போது என் வண்டியில்

இளம்பிள்ளை ஊருக்குப் பக்கத்தில் ஒரு புருஷன் பெண்டாட்டி. தறி ஓட்டிச் சம்பாதித்த காசில் ஒரு ஏக்கர் வாங்கி அதில் போர் போட்டார்கள். ஐந்நூற்று அறுபது. அதே சாம்பல் தூள். நான் வண்டியை அணைக்கச் சொன்னேன். கம்ப்ரஸரையும் சேர்த்து. பேசினால் காதில் விழ வேண்டும்.

தூளை அந்த மனுஷன் கையில் போட்டேன். "எனக்குத் தெரிஞ்சு இங்க தண்ணி வராதுங்க" என்றேன். அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நாக்கு சொன்னது. என்னைப் போன்றவனுக்கு அடுத்த வார்த்தைதான் கஷ்டம். "ஆனா இப்புடித்தான் எருமப்பட்டியில நெனச்சேன். நாப்பதே அடியில எம்பேச்சு தப்பாப் போயிருச்சு."

அவர் திகைத்தார். "என்னங்க, நீங்களே தப்பாச் சொல்லுவீங்களா?"

அவர் சம்சாரம் கொஞ்சம் முன்னால் வந்தார். "எப்புடிங்க தப்பாச்சு? சொல்லுங்க."

சொன்னேன். எருமை, கன்று, ராமாயி கேட்ட கேள்வி வரைக்கும் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். என் ஆட்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். செல்வம் வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவர்கள் இரண்டு பேரும் வேலியோரம் போய்ப் பேசினார்கள். பத்து நிமிஷம் இருக்கும். ரிக்காரனுக்கு வண்டி சும்மா நிற்கிற பத்து நிமிஷம் பல் வலி மாதிரி. நின்றேன். அந்த அம்மாள்தான் வந்து சொன்னார், "நிறுத்திக்கங்க. மிச்சத்துல இன்னொரு தறி போட்டுக்கறோம்."

அதற்குக் கீழே தண்ணீர் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. தெரியப் போவதும் இல்லை. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அந்தக் காட்டை எட்டிப் பார்க்கிறேன், இன்னொரு வண்டி நிற்கிறதா என்று. மனசு அடங்கியது என்று சொன்னால் பொய்.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். தூளைக் காட்டுக்காரர் கையில் கொடுங்கள். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னது தப்பாய்ப் போன இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிறகு கம்ப்ரஸரை அணைத்துவிட்டு, அவர்கள் பேசி முடிக்கிற வரைக்கும் நில்லுங்கள்.